களவு போனது யார் கணக்கில்?

திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டில் நாசிக் வெங்காயம் இறங்கும்போது வேடிக்கை பார்க்கிறவர்கள் சில சமயம் கேட்பார்கள்: "வெங்காய லாரியில போயி எவன்வே களவாங்கப் போறான்?" வெங்காயம் கடைசிதான். லாரியில் முதலில் போவது டீசல். அப்புறம் பேட்டரி, ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு. கேபினுக்குள் டிரைவர் தலைமாட்டில் கிடக்கிற செல்போன், சட்டைப்பையில் இருக்கிற படிக்காசு. லோடு அதற்குப் பிறகு. அதுவும் விலையைப் பொறுத்தது. 2019 கடைசியில் வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தொட்டுக்கொண்டிருந்தபோது, நாசிக்கிலிருந்து கோரக்பூருக்குப் போன லாரி மத்தியப் பிரதேசத்தில் வெறும் வண்டியாகக் கிடைத்தது. சுமார் 20 லட்சம் ரூபாய் வெங்காயத்தைக் காணோம். சில ரோடுகளில் வண்டியே போகும். வண்டி போகிற இடத்தில் ஆளும் போவான்.

நான் கிளீனராக ஏறி, பிறகு நேஷனல் பர்மிட் வண்டி ஓட்டி, இடுப்பு ஒத்துழைக்காமல் போனபின் இறங்கியவன். இப்போது டவுணில் ஒரு புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து லோடு போடுகிறேன். பேட்டை, தச்சநல்லூர், தாழையூத்துப் பையன்கள் வடக்கே போய்விட்டு வந்து, கணக்கு முடிக்கிற வரை பெஞ்சில் உட்கார்ந்து கதை சொல்வார்கள். என் காலத்து ஏழாம் நம்பர் நேஷனல் ஹைவே இப்போது நாற்பத்துநாலு. டீசலுக்குக் கார்டு, டோலுக்கு பாஸ்டேக், வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளி படுக்கையிலிருந்தே பார்க்க ஜிபிஎஸ். இத்தனை மாறியும் ஒன்று அப்படியே இருக்கிறது. வழியில் எது களவு போனாலும் டிரைவர் பேருக்கு நேராகத்தான் எழுதுகிறார்கள். ரோட்டில் டிரைவர்கள் அடிபடுவதற்கும் குத்துப்படுவதற்கும் திருடன் ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்குப் புத்தகம் இன்னொரு காரணம்.

டீசலில் ஆரம்பிக்கிறேன். திருடுகிறவன் பூனை மாதிரி வருவான் என்று நினைக்க வேண்டாம். ரோட்டில் எந்நேரமும் வண்டி போகிற இரைச்சல் இருக்கும், அதுவே அவனுக்குப் போதும். பழைய முறையில் டேங்க் மூடியை நெம்பி, ஓஸை உள்ளே விட்டு, வாயால் உறிஞ்சி, கேனில் பிடிப்பார்கள். அதற்கு நேரமாகும். வாடை அடிக்கும். தூங்குகிறவன் புரண்டு படுத்தாலே ஓடவேண்டியிருக்கும். இப்போது சின்ன மோட்டார் வைத்திருக்கிறார்கள். லாரிக்குப் பக்கத்தில் ஒரு கார் அல்லது குட்டியானை வந்து நிற்கும். டயர் பஞ்சர் பார்க்கிறமாதிரி ஒருவன் குனிவான். டிரைவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நூறு லிட்டர் கைமாறிவிடும். மூடிக்குப் பூட்டு போட்டால் பூட்டை உடைக்கிறான். மூடிக்கு அடியில் இரும்பு வலை வைத்தால் டேங்க்குக்கு அடியில் இருக்கிற டிரெயின் நட்டைத் திருகுகிறான். அது இன்னும் மோசம், அவன் பிடித்ததுபோக மிச்சமும் ரோட்டில் ஓடிவிடும்.

இதற்கு எங்களுக்குத் தெரிந்த மருந்து வண்டியை நிறுத்துகிற விதம்தான். சுவர் இருந்தால் டேங்க் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தவேண்டும். சுவர் இல்லாவிட்டால் தெரிந்த வண்டி ஒன்றைப் பார்த்து, டேங்க்கும் டேங்க்கும் எதிரெதிராக, நடுவில் ஓர் ஆள் நுழைய இடமில்லாமல் நிறுத்தவேண்டும். இரண்டு டிரைவரும் ஒருவரை ஒருவர் எழுப்பாமல் வண்டியை எடுக்க முடியாது என்பது இதில் ஒரு தொந்தரவு. ஆனால் அந்தத் தொந்தரவில்தான் காவலும் இருக்கிறது. இதெல்லாம் வாய்க்காத இடத்தில் கிளீனர் டேங்க்குக்குக் கீழே தரையில் சாக்கை விரித்துப் படுப்பான். நானும் படுத்திருக்கிறேன். டயர் சூடு முகத்தில் அடிக்கும், கிரீஸ் சொட்டும், கொசு பிடுங்கும். அதைவிடப் பயம், பக்கத்து வண்டிக்காரன் இருட்டில் பார்க்காமல் ரிவர்ஸ் எடுப்பது. டீசலுக்குக் காவல் படுத்து டயருக்குள் போனவர்கள் உண்டு. அதைப் பேப்பரில் விபத்து என்று போடுவார்கள்.

ஒரு தடவை கர்னூல் தாண்டி ஒரு தாபாவில் நிறுத்திவிட்டு விடியற்காலம் சாவி போட்டபோது டீசல் முள் எழும்பவே இல்லை. பத்தமடைப் பையன் ஒருத்தன் அப்போது என்னிடம் கிளீனர். மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தான். நனைந்த அடையாளம் குச்சியின் நுனியில் நாலு விரற்கடைகூட இல்லை. "அண்ணாச்சி, முக்காவாசி இல்ல" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டான். களவு போனதற்காக அழவில்லை. அவன் முறைக்காவலில் போனதால் அழுதான். பூத்தில் இருந்து முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "நீ தூங்குனதுக்கு நான் டீசல் போடணுமா?" ஊர் வந்ததும் என் படியிலும் அவன் சம்பளத்திலும் பிடித்தம் செய்தார். அவர் கெட்டவர் இல்லை, என் மகள் காதுகுத்துக்கு முதல் ஆளாக வந்து மொய் எழுதியவர். லாரித் தொழிலில் அதுதான் வழக்கம், அவரும் வழக்கப்படி செய்தார். இன்றைக்கு டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல். நூறு லிட்டர் போனால் 9,000 ரூபாய். ஒரு லாங் டிரிப்பில் டிரைவர் வீட்டுக்குக் கொண்டுபோகிற காசு பல சமயம் அதைவிடப் பெரிதாக இருப்பதில்லை.

லோடு விஷயத்தில் இது இன்னும் நீளமான சங்கிலி. சரக்கு காணாமல் போனாலோ குறைந்தாலோ பொறுப்பு சரக்கை ஏற்றுக்கொண்ட டிரான்ஸ்போர்ட்காரருடையது என்று 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. அதற்கு முன்னால் 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டமும் அதையே சொன்னது. நடப்பில், சரக்குக்காரர் டிரான்ஸ்போர்ட் ஆபீசில் பிடிப்பார், ஆபீஸ்காரர் லாரி வாடகையில் பிடிப்பார், லாரிக்காரர் டிரைவரிடம் பிடிப்பார். டிரைவர் பிடிக்க ஆள் இல்லை. தொழிலாளி கவனக்குறைவால்தான் நஷ்டம் வந்தது என்று காட்டாமல், அவன் பக்கத்து நியாயத்தைக் கேட்காமல், சம்பளத்தில் கை வைக்கக்கூடாது என்பது 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் முதலே உள்ள விதி. அதை எந்த லாரி ஷெட்டிலும் நான் கேள்விப்பட்டதில்லை. இந்த புக்கிங் ஆபீசில் உட்கார்ந்த பிறகு, வக்கீல் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இப்போது திருடனைத் துரத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். பேட்டைப் பையன் ஒருவன் சித்ரதுர்கா பக்கம் டேங்க் மூடி கழல்கிற சத்தம் கேட்டு விழித்து, வீல் ஸ்பானரோடு இறங்கித் துரத்தினான். எதிரில் நின்றவர்கள் மூன்று பேர். ஒரு கல் புருவத்துக்கு மேல் பட்டு எலும்பு தெரிந்தது. இன்னும் ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் கண் போயிருக்கும். ஆபீசுக்கு வந்தபோது கட்டுப் போட்டிருந்தான். "எதுக்குல துரத்துன? போனா போகுதுன்னு விடவேண்டியதானே?" என்று கேட்டேன். "போனா எங் கணக்குலல்லா அண்ணாச்சி போகும்" என்றான். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? டீசல் முதலாளி கணக்கில் போகும் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால் கேபின் கதவைப் பூட்டிக்கொண்டு ஆரன் அடித்திருப்பான். ஆரன் சத்தத்துக்கே பாதித் திருடன் ஓடிவிடுவான்.

என் காலத்தில் கிளீனர் இல்லாத லாரி கிடையாது. தார்ப்பாய் கட்டுவது, கண்ணாடி துடைப்பது, ரிவர்ஸ் பார்ப்பது எல்லாம் அவன் சோலி. ஆனால் ராத்திரியில் அவன்தான் காவல். டிரைவர் தூங்கும்போது அவன் விழித்திருப்பான், வண்டி ஓடும்போது அவன் தூங்குவான். இப்போது கிளீனருக்குச் சம்பளம் கட்டுப்படியாகவில்லை, வருவதற்கும் ஆள் இல்லை. பெரிய வண்டிகளே ஒற்றை டிரைவரோடு போகின்றன. பதினெட்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்தவன் தூங்கவும் வேண்டும், தூங்காமல் காவல் காக்கவும் வேண்டும் என்றால் எப்படி முடியும்? 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதியது. லாரிக்காரர்கள் அதைப் படித்தால் சிரிப்பார்கள்.

பையன்கள் அடிக்கடி சொல்லுகிற ஒரு கதை, ஜன்னல் வழியாக மயக்க மருந்து ஸ்பிரே அடித்துவிட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பது. எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. திறந்த ஜன்னலில் காற்று ஓடுகிற கேபினில் எந்த மருந்து நிற்கும்? இரண்டு ராத்திரி கண்விழித்தவனுக்கு மருந்து எதற்கு? தலைக்கடியில் இருந்து போனை உருவினாலும் அவனுக்குத் தெரியாது. ஸ்பிரே கதையை அவன் முதலாளிக்காகச் சொல்கிறான். தூங்கிவிட்டேன் என்றால் பிடித்தம், மயக்கிவிட்டார்கள் என்றால் கொஞ்சம் இரக்கம் கிடைக்கலாம். இதுவும் அந்தக் கணக்குப் புத்தகம் சொல்லவைத்த கதைதான். ஆனால் டீயிலும் பிஸ்கட்டிலும் சாப்பாட்டிலும் கலந்து கொடுப்பது நிஜம். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜன்னல் ஏன் திறந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் நாக்பூர் பக்கம் ராத்திரிகூடக் கேபின் இரும்பு கையைச் சுடும். எஞ்சின் சூடு வேறு. கண்ணாடியை ஏற்றினால் வெந்துபோவான், இறக்கினால் கை உள்ளே வரும். 2025-லிருந்து புதிதாகத் தயாராகிற லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. டிரைவருக்குச் சொகுசு எதற்கு என்று இங்கே டீக்கடையில் சிலர் பேசினார்கள். கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்கமுடிகிறது என்பதுதான் எனக்கு அதில் முக்கியம். ஆனால் நின்ற வண்டியில் ஏசி ஓட எஞ்சின் ஓடவேண்டும், எஞ்சின் ஓடினால் டீசல் போகும். அந்த டீசல் யார் கணக்கு என்று இனிமேல்தான் சண்டை வரும்.

ஓடுகிற வண்டியில் களவெடுப்பது தனி வித்தை. மத்தியப் பிரதேசத்தில் தேவாஸ், ஷாஜாபூர் பக்கத்து ஆக்ரா ரோட்டில் இது பேர்போனது. டிரைவர்கள் 'கட்டிங்' என்பார்கள். ஒரு வண்டி லாரியின் முதுகோடு ஒட்டி வரும். லைட்டை அணைத்திருப்பதால் கண்ணாடியில் தெரியாது. அதிலிருந்து ஒருத்தன் தாவி லாரியின் பின்கதவைப் பிடித்து ஏறி, தார்ப்பாயைக் கத்தியால் கிழித்து, பெட்டிகளைப் பின்னால் வருகிற வண்டிக்குத் தள்ளுவான். லாரி அறுபதில் போய்க்கொண்டே இருக்கும். டிரைவருக்குத் தெரிவது அடுத்த டோலிலோ டீக்கடையிலோ, கிழிந்த தார்ப்பாய் படபடக்கும்போதுதான். அதனால் அந்த ரோட்டில் பழைய டிரைவர்கள் இருட்டில் தனியாகப் போகமாட்டார்கள். நாலைந்து தமிழ்நாட்டு வண்டிகள் சேருகிற வரை பங்க்கில் காத்திருந்து வரிசையாகப் போவார்கள். பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்துக்கொள்வான்.

வடக்கேதான் இப்படி என்று நாம் சொல்லிக்கொள்ள 2020 இடம் வைக்கவில்லை. அந்த வருஷம் அக்டோபரில், சென்னைப் பக்கத்திலிருந்து மும்பைக்கு செல்போன் ஏற்றிப்போன கண்டெய்னர் லாரியை, கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பக்கம் மேலுமலையில் மறித்தார்கள். டிரைவர்கள் இரண்டு பேரையும் அடித்துக் கட்டிப்போட்டுவிட்டு, சுமார் 15 கோடி ரூபாய் பெறுமானமுள்ள போன்களை வேறு லாரிகளுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். பிடிபட்டது மத்தியப் பிரதேசத்துக் கும்பல். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் சித்தூர் மாவட்டம் நகரி பக்கத்தில் இதேமாதிரி செல்போன் லாரி ஒன்று போயிருந்தது. இந்த மாதிரிக் களவில் எந்த வண்டியில் என்ன சரக்கு, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். அதனால் போலீஸ் முதலில் டிரைவரைத்தான் சந்தேகப்படும். அடியும் அவனுக்கு, விசாரணையும் அவனுக்கு.

ஆளைக் கொல்லுகிற கும்பல்களைப் பற்றி எழுதக் கை வரவில்லை. ஆனாலும் இளம் டிரைவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். 2008-ல் துர்காபூரிலிருந்து கல்பாக்கத்துக்கு இரும்பு ஏற்றிவந்த லாரி ஒன்று ஆந்திராவில் காணாமல் போனது. தமிழ்நாட்டுக்காரரான உரிமையாளர் கொடுத்த புகாரைப் பிடித்துக்கொண்டு போன ஓங்கோல் போலீசுக்கு ஒரு பெரிய கும்பல் அகப்பட்டது. முன்னா என்பவன் தலைவன். ஆர்.டி.ஓ. ஆபீசர் மாதிரி ஹைவேயில் வண்டியை மறிப்பார்கள். ரிக்கார்டு காட்டு என்று டிரைவரைக் கீழே இறக்குவார்கள். டிரைவரையும் கிளீனரையும் கயிற்றால் கழுத்தை இறுக்கிக் கொன்று புதைத்துவிட்டு, இரும்பை விற்று, லாரியையும் வெட்டிப் பழைய இரும்பாக்கிவிடுவார்கள். செத்தவர்களில் தமிழ்நாட்டு ஆட்களும் உண்டு. 2021 மே மாதம் ஓங்கோல் கோர்ட் 12 பேருக்கு மரண தண்டனை விதித்தது. தீர்ப்பு வரப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தக் காலத்தில் கல்கத்தா ரோட்டில் ஓடிய எங்கள் எல்லோருக்கும் காக்கிச் சட்டையைக் கண்டால் வயிற்றைக் கலக்கும். மாமூல் கேட்கிற நிஜ ஆபீசரா, கயிறு வைத்திருக்கிற பொய் ஆபீசரா என்று இருட்டில் எப்படித் தெரியும்? நிஜ ஆபீசராக இருக்கவேண்டுமே என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நூறு ரூபாயை நீட்டியவர்கள் நாங்கள்.

போபாலுக்குப் பக்கத்தில் மண்டிதீப் என்ற ஊரில் ஆதேஷ் காம்ரா என்று ஒரு தையல்காரன். பகலில் தையல் மிஷின், ராத்திரியில் இந்த வேலை. 2018 செப்டம்பரில் பிடிபட்டபோது முப்பதுக்கும் மேற்பட்ட லாரி டிரைவர், கிளீனர்களைக் கொன்றதாக ஒப்புக்கொண்டான் என்று போலீஸ் சொன்னது. தாபாவில் வந்து உட்கார்ந்து சிநேகம் பிடிப்பான், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான், சாப்பாட்டிலோ குடியிலோ மருந்தைக் கலப்பான். ஊரைவிட்டுப் பல நாள் ஆன டிரைவருக்கு யாராவது அன்பாய்ப் பேசினால் மனசு இளகிவிடும். அந்தப் பலவீனம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் நான் பையன்களிடம் சொல்வேன், பேச்சு எவ்வளவு வேண்டுமானாலும் பேசு, ஆனால் டீயை நீயே போய்க் கடையில் வாங்கு.

களவும் கொலையும் தவிர, வண்டியின் நம்பர் பிளேட்டுக்காகவே அடி விழுந்த காலமும் உண்டு. 1991 டிசம்பரில் கர்நாடகத்தில் காவிரிக் கலவரம். 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் மறுபடியும். தமிழ்நாட்டு பஸ்கள் டிப்போவோடு எரிந்தன, டி.என். நம்பர் லாரிகளை மறித்துக் கொளுத்தினார்கள், டிரைவர்களை நடுரோட்டில் அடித்தார்கள். ஓசூர் ஜூஜூவாடியில் வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்றன. அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டவர்கள் நம்பர் பிளேட்டில் சேற்றைப் பூசிக்கொண்டும், கன்னடக்கார டிரைவர்கள் வீட்டில் ஒளிந்துகொண்டும் தப்பித்தார்கள். அவர்களைக் காப்பாற்றிய கன்னடக்காரர்களையும் சொல்லாவிட்டால் பாவம். விபத்து நடந்த இடத்தில் கும்பல் கூடி அடிப்பது இன்னொரு பயம். 2024 ஜனவரியில் புதிய தண்டனைச் சட்டத்தின் 106(2) பிரிவை எதிர்த்து நாடு முழுக்க டிரைவர்கள் வண்டியை நிறுத்தியதற்குப் பின்னால் இந்தப் பயம்தான் இருந்தது. விபத்து நடந்ததும் போலீசுக்குச் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் என்றது அந்தப் பிரிவு. நின்றால் கும்பல் அடித்துக் கொன்றுவிடும் என்றார்கள் டிரைவர்கள். அந்தப் பிரிவை மட்டும் இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவராமல் வைத்திருக்கிறார்கள்.

நல்லதும் நடந்திருக்கிறது. முன்பு கேபினில் சீட்டுக்கடியில் டோலுக்கும் டீசலுக்கும் ரொக்கம் வைத்துக்கொண்டு போவோம். வழிப்பறிக்காரனுக்கு அது தெரியும். 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமான பிறகு அந்த ரொக்கம் குறைந்துவிட்டது. அதற்குப் பதில் போனைப் பிடுங்கி, பாஸ்வேர்டைச் சொல் என்று கழுத்தில் கத்தி வைக்கிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து மாநில எல்லைச் செக்போஸ்ட்கள் போனதும் நல்லதுதான், அங்கே நாள் கணக்கில் காத்துக்கிடந்தோம். ஆனால் அந்தக் க்யூவில் நூறு லாரி நிற்கும், லைட் எரியும், டீக்கடை இருக்கும், நிம்மதியாகத் தூங்கலாம். அப்படி ஓர் இடம் இப்போது ரோட்டில் வேண்டும். எண்ணெய்க் கம்பெனிகள் சில பங்க்குகளில் 'அப்னா கர்' என்று டிரைவர்கள் தங்க அறை, குளியலறை, பார்க்கிங் வைத்திருக்கிறார்கள். தங்கிவிட்டு வந்த பையன்கள் நன்றாகச் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் இன்னும் ரோட்டோரம் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள்தான் அதிகம்.

களவு போன பிறகு ஸ்டேஷன் என்று ஒன்று இருக்கிறது. வெளிமாநில ஸ்டேஷன் ஒன்றில் ஒரு பகல் முழுக்க நான் உட்கார்ந்திருக்கிறேன். இது எங்கள் எல்லை இல்லை என்று அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள், அங்கே இருந்து திருப்பி அனுப்பினார்கள். பாஷை தெரியாது, வெங்காயம் வெயிலில் வேர்க்கிறது, மார்க்கெட்டில் தாமதத்துக்கு வேறு பிடித்தம். புகாரே வேண்டாம் என்று வண்டியை எடுத்தேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், எல்லை எதுவானாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதியவேண்டும் என்று 173-ஆவது பிரிவில் இருக்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் என்பார்கள். பையன்கள் இந்த நம்பரை மனப்பாடம் செய்துகொள்ளவேண்டும். சூரியன் மறைந்ததிலிருந்து உதிப்பதற்குள் நெடுஞ்சாலையில் நடக்கிற வழிப்பறிக்கு 14 வருஷம் வரை தண்டனை உண்டு, சாதாரண வழிப்பறியைவிட அதிகம். வெள்ளைக்காரன் 1860-ல் எழுதியது, புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. ராத்திரி ரோட்டில் போகிறவனுக்கு ஆபத்து கூட என்று சட்டத்துக்குத் தெரியும். முதலாளிமாருக்குத்தான் தெரியவில்லை.

நம் திருநெல்வேலிச் சீமையில் பாளையக்காரர் காலத்தில் காவல் முறை என்று ஒன்று இருந்தது. ஸ்தலகாவல் ஊருக்கு, திசைகாவல் சுற்று வட்டாரத்துக்கும் வழிகளுக்கும். அதற்கென்று குடிகளிடம் காசும் தானியமும் வாங்கினார்கள். காவல் எல்லைக்குள் பொருள் களவு போனால் காவல்காரன் அதைக் கண்டுபிடித்துத் தரவேண்டும், முடியாவிட்டால் அதன் விலையைத் தரவேண்டும் என்பது ஏற்பாடு. காவல் என்ற பேரில் நடந்த பிடுங்கல்களைப் பற்றியும் கால்டுவெல் 1881-ல் வந்த தன் திருநெல்வேலி வரலாற்றில் எழுதியிருக்கிறார், அதனால் அது பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காசு வாங்குகிறவன் நஷ்டத்தையும் ஏற்கவேண்டும் என்ற நியாயம் அதில் இருந்தது. இன்றைக்கு டவுணிலிருந்து மதுரை தாண்டுவதற்குள் சாலைப்புதூர், எட்டூர்வட்டம், கப்பலூர் என்று மூன்று இடத்தில் டோல் போகிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பிரீமியம் போகிறது, அரசுக்கு ரோடு டாக்ஸ் போகிறது. எல்லோரும் வாங்குகிறார்கள். களவு போனதை மட்டும் டிரைவர் கொடுக்கிறான்.

எங்கள் ஆபீசில் லோடு எடுக்கிற பையன்களிடம் நான் சொல்வது கொஞ்சம்தான். இருட்டில் எவன் கை காட்டினாலும், காக்கி போட்டிருந்தாலும், லைட் உள்ள பங்க்கோ டோல்கேட்டோ வருகிற வரை இறங்காதே. அங்கே போய் நிறுத்தி ரிக்கார்டைக் காட்டு, நிஜ ஆபீசர் பின்னாலேயே வருவார். போனில் 112-ம், ஹைவே உதவிக்கு 1033-ம் போட்டு வை. என்ன சரக்கு ஏற்றியிருக்கிறாய் என்று டீக்கடையில் சொல்லாதே. டேங்க் சத்தம் கேட்டால் கதவைப் பூட்டிக்கொண்டு ஆரன் அடி, இறங்காதே, துரத்தாதே.

கடைசிச் சொல்லை அவர்கள் கேட்கவேண்டும் என்றால் முதலாளிமார் ஒன்று செய்யவேண்டும். லோடு போடுகிறபோது எங்கள் ஆபீசில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். 'வழியில் டீசல், ஸ்டெப்னி, தார்ப்பாய், சரக்கு எது களவு போனாலும், டிரைவர் உடந்தை என்று நிரூபிக்காமல் அவர் கணக்கில் பிடித்தம் கிடையாது' என்று எழுதியிருக்கும். வண்டி உரிமையாளர்கள் சிலர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். பலபேர், "ஒமக்கென்னவே, நீரா டீசல் போடுதீரு?" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். போடாதவர்களிடமும் ஒவ்வொரு லோடுக்கும் அந்தத் தாளை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். டவுணிலும் பேட்டையிலும் லாரி வைத்திருக்கிற முதலாளிமார் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஷெட்டிலும் அப்படி ஒரு தாள் எழுதி வையுங்கள். அடுத்த டிரிப்புக்கு வண்டி கிளம்புவதற்கு முன்னால் அதை டிரைவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.